நாச்சிமுத்து விழுந்த இடங்கள்

நாச்சிமுத்து விழுந்த இடத்தில் தண்ணீர் வரும் என்பதைக் கல்லாங்காட்டுப்புதூரில் முதன்முதலில் கண்டுகொண்டது ஓர் எருமை. சென்னியப்பன் வீட்டு எருமை அது. ஒரு நாள் காலையில் பால் கொடுக்க மறுத்து, கயிற்றை அறுத்துக்கொண்டு போய், மூன்று நாளைக்கு முன்னால் பால் வாங்க வந்த நாச்சிமுத்து வலிப்பு வந்து விழுந்த அதே மண்ணில் படுத்துப் புரண்டு, நாக்கை நீட்டி நீட்டித் தரையை நக்கிக்கொண்டிருந்தது. ஓட்டினால் போகவில்லை, அடித்தால் எழவில்லை, கடைசியில் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பப் போனால் கடப்பாரை பொதுக்கென்று உள்ளே இறங்கி, இறங்கின ஓட்டை வழியே தண்ணீர் கொப்புளித்துக்கொண்டு மேலே வந்தது. ஆயிரத்து இருநூறு அடிக்குத் துளை போட்டாலும் வெள்ளைப் புழுதியைத் தவிர வேறொன்றும் வராத ஊர் அது. சென்னியப்பன் ஆச்சரியப்படவில்லை. உட்கார்ந்து ஆச்சரியப்படுவதெல்லாம் தண்ணீர் இருக்கிற ஊர்க்காரன் செய்கிற வேலை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகனைக் கூப்பிட்டு, மோட்டார் என்ன விலை என்று விசாரிக்கச் சொன்னார்.

ஊரே போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்து, பாயசம் தோற்றது போ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நாச்சிமுத்துவின் பெண்டாட்டி பூங்கொடி வீட்டில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சோறு அடிப்பிடித்துக் கருகித் தெருவெல்லாம் தீய்ந்த வாடை அடிக்க, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, சோறு ஆயிருச்சா என்று கேட்டான். அவனுக்கு வாசனை போய்விட்டிருந்தது. மல்லிகைப்பூவை மூக்கிலேயே வைத்துப் பார்த்தாள், சாம்பிராணி காட்டினாள், ஊசிப்போன குழம்பைக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டினான். விழுந்த அன்று காலையில்கூட அவன் பக்கத்து வீட்டுக் கருவாட்டை மோந்து பார்த்து இங்கிருந்தே கொறை சொன்னவன். எருமைக்குத் தண்ணீர் தெரிந்த மாதிரி பூங்கொடிக்கும் அன்றைக்கு ஒன்று தெரிந்தது: பூமி தண்ணீரைச் சும்மா கொடுக்கவில்லை, அவனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறது. சொன்னால் யார் கேட்பார்கள்? தண்ணீர் சத்தத்தில் வேறெந்தச் சத்தமும் அந்த ஊரில் கேட்காது.

பூங்கொடி கல்யாணமாகி வந்தபோது நாச்சிமுத்து அப்படியொன்றும் விழுகிற ஆள் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் ராடு மாட்டுகிற வேலை அவனுக்கு. தண்ணீரே இல்லாத அந்தச் சீமையின் ஆண்கள் பாதிப்பேர், ஊர் ஊராகப் போய் ஊரார் நிலத்தில் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர்கள். வருஷத்தில் எட்டு மாதம் வடக்கேதான் இருப்பார்கள். அப்படி ஒரு தடவை மத்தியப் பிரதேசத்தில் இருந்தபோதுதான் மகள் பிறந்த சேதி போனது. அவன் அன்றைக்கு நர்மதை ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தானாம். அத்தனை தண்ணீரையும் யாரும் துளைபோடாமல், மோட்டார் வைக்காமல், அதுபாட்டுக்குப் போவதைப் பார்த்து அழுதுவிட்டு, போனிலேயே சொல்லிவிட்டான், புள்ளைக்கு நர்மதான்னு பேரு வையி என்று. பூங்கொடியின் மாமனாருக்குப் பிடிக்கவில்லை, குலதெய்வத்தின் பேர் வைக்க வேண்டும் என்றார். நாச்சிமுத்து வாழ்க்கையிலேயே பிடிவாதம் பிடித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

நர்மதாவுக்கு ஐந்து வயது நடக்கிறபோது நாச்சிமுத்துவுக்கு அடிபட்டது. துளை போடும் முன்னால் அந்த இடத்தில் பூசை போட வேண்டும் அல்லவா, எலுமிச்சை அறுத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டாமல் எந்தப் போர் வண்டியும் முதல் ராடை இறக்காது. அன்றைக்கென்று நிலத்துக்காரன் வீட்டிலிருந்து தாம்பாளம் வரவில்லை. நல்ல நேரம் போகிறதே என்று நாச்சிமுத்து தன் தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி மல்லாக்க வைத்து, அதிலேயே பூவும் பொரியும் உடைத்த தேங்காய் மூடியும் வைத்துப் பூசையை முடித்துவிட்டான். பூசைக்கு வைத்த பொருளைச் சூடம் அணைந்த கையோடு எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? சாமி இருக்கட்டும் என்று வெறுந்தலையோடு ராடு மாட்டப் போனான். சங்கிலி நழுவிற்று. இருபது அடி ராடு சுழன்று வந்து இடது காதுக்கு மேலே ஒரு போடு போட்டது. ஹெல்மெட்டிலிருந்த ஒரு பொரிகூடச் சிந்தவில்லை என்று கூட இருந்தவர்கள் வந்து சொன்னார்கள்.

இருபத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, காதுக்கு மேலே எலுமிச்சை அளவுக்கு ஒரு பள்ளத்தோடு ஊருக்கு வந்தான். நடந்தான், சாப்பிட்டான், பீடி கேட்டான். ஊர் வந்து பார்த்துவிட்டு, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று சொல்லி, கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தில் பாதியைத் தானே உரித்துத் தின்றுவிட்டுப் போனது. தலைப்பாகை இல்லாத தலைக்குத்தான் அது வந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கிற்று. எறும்பைக்கூடத் தாண்டிப் போகிற மனுஷன், குழம்பில் உப்புக் கூடிப்போனதென்று தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அடித்துவிட்டு, யார் அடித்தது என்று கேட்பவன் மாதிரி சுற்றிப் பார்த்தான். சாயங்காலம் நாலு மணியானால் காரணமில்லாமல் அழுதான். ஏன் என்று கேட்டால், தெரியலையே பூங்கொடி, அது பாட்டுக்கு வருது என்றான். தூக்கம் போனது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவன் எதற்குப் போனோம் என்பது மறந்து வேப்பமரத்தடியிலேயே இருட்டுகிறவரை நின்றான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. வடக்கே எவளையோ சேர்த்துக்கொண்டான், அந்த ஏக்கம் என்றார்கள். குடிப்பழக்கம் என்றார்கள். காத்துக் கருப்பு என்றார்கள். பூங்கொடி மூன்று கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள், கயிறு கட்டின கையாலேயே அவன் அவள் கன்னத்தில் அறைந்தான். அன்றைக்கு அவள் பின்கட்டில் உட்கார்ந்து, இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, அதைச் சொல்லத் தெரியாமல்தான் இப்படியெல்லாம் பண்ணுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு அழுதாள். அந்த முடிவோடுதான் அவள் மூன்று வருஷம் அவனுக்குச் சோறு போட்டாள்.

ஊருக்கு வந்த ஆறாவது மாதத்தில் முதல் வலிப்பு. அதுதான் எருமைத் தொழுவத்தின் முன்னால் விழுந்தது, அந்தக் கதைதான் சொல்லியாயிற்றே.

இரண்டாவது தடவை ராக்கம்மாளின் கத்திரிக்காட்டில் விழுந்தான், நாற்பது அடியில் தண்ணீர். அது அவனுடைய சீட்டியை எடுத்துக்கொண்டது. வாயைக் குவித்து ஊதினால் வெறுங்காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மேட்டுக்காட்டில், அது அவனுக்கு வேட்டி கட்டத் தெரிந்திருந்ததை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் ஊருக்குச் சந்தேகமில்லை. ஊர் என்பது எந்த அதிசயத்தையும் மூன்று தடவைக்கு மேல் அதிசயமாக வைத்திருக்காது, நாலாவது தடவைக்குள் அதற்கு ஒரு முறை வந்துவிடும், ஒரு சட்டம் வந்துவிடும், ஓர் அதிகாரியும் வந்துவிடுவான்.

அந்த அதிகாரி தேங்காய் மாரப்பன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு காடாக நடந்து, தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் நீரோட்டம் என்று சொல்லுகிறவர். அவர் தேங்காய் நின்ற இடங்களில் துளை போட்டுக் கடனாளி ஆனவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். முதலில், இவனெல்லாம் ஒரு ஆளா என்று திட்டிக்கொண்டு திரிந்தவர், ராக்கம்மாள் காட்டுத் தண்ணீரைப் பார்த்ததும் தேங்காயைச் சட்னிக்குக் கொடுத்துவிட்டு நாச்சிமுத்துவோடு சேர்ந்துகொண்டார். அவர் கையில் ஒரு சாவிக்கொத்து, ஒரு பை சுண்ணாம்புத்தூள். நாச்சிமுத்து விழுந்ததும் சாவிக்கொத்தை அவன் கையில் திணிப்பார், தலையைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போடுவார். தலை பட்ட இடமா, கால் உதைத்த இடமா என்று ஒரு சண்டை வந்தபோது, தலைதான் என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே. பிள்ளைகள் தெருவில் அதையே விளையாடினார்கள். ஒருவன் விழுந்து உதறுவான், ஒருத்தி மணலால் வட்டம் போடுவாள். நர்மதாவை வட்டம் போடக் கூப்பிட்டால் அவள் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

எப்போது விழுவான் என்பதையும் ஊர் கண்டுபிடித்து வைத்திருந்தது. தூங்காமல் இருந்தால் விழுவான், வயிறு காய்ந்தால் விழுவான், வெயிலில் நின்றால் விழுவான். ஆகவே மரியாதையாக வந்து அழைத்துப் போவார்கள். வாங்க மாப்ளே வாங்க என்று கூட்டிக்கொண்டு போய், புதுத் துண்டு போட்டு, வறண்ட காட்டின் நடுவில் நாற்காலி போட்டு உச்சி வெயிலில் உட்கார வைப்பார்கள். சோறு வெந்துகொண்டிருக்கிறது என்பார்கள், அது வேகவே வேகாது. விடிய விடியப் பேச்சுக்கொடுத்து அவன் கண்ணயராமல் பார்த்துக்கொள்வார்கள். கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவன் விழுந்து எழுந்ததும் மடியில் தலையை வைத்து விசிறிவிட்டு இளநீர் கொடுக்கிறவர்களும் அவர்கள்தான்.

பங்காளிகள் இரண்டு பேர், கந்தப்பனும் ரங்கப்பனும், அவர்களுடைய காட்டுக்கு நடுவே இருந்த வரப்பில் ஐந்தாவது தடவை விழுந்தான். தலை சரியாக வரப்பின் மேல். நுரை தள்ளிக்கொண்டு கிடக்கிறவனை நடுவில் வைத்துக்கொண்டு, முகம் என் பக்கம் பார்க்குது என்று ஒருத்தன், பொடனி என் பக்கம் இருக்குது என்று ஒருத்தன். கந்தப்பன் குனிந்து தலையை லேசாகத் தன் பக்கம் திருப்ப, ரங்கப்பன் தன் பக்கம் திருப்ப, ஓடி வந்த பூங்கொடி இரண்டு பேரையும் தள்ளிவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நாக்கு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். புருவம் கல்லில் பட்டுப் பிளந்திருந்தது. அந்தத் துளை அவன் சிரிப்பை எடுத்துக்கொண்டது. பிறகு எதற்குச் சிரிக்க வேண்டும் என்று அவன் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆறாவதும் ஆயிற்று. மற்றவர்கள் அந்தக் கிணறுகளைச் சென்னியப்பன் போர், ராக்கம்மாள் போர் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பூங்கொடி மனசுக்குள் அவற்றுக்கு வேறு பேர் வைத்திருந்தாள். வாசனைக் கிணறு, சீட்டிக் கிணறு, வேட்டிக் கிணறு, நாலாவதில் பாட்டுப் போனதால் பாட்டுக் கிணறு, சிரிப்புக் கிணறு. ஆறாவது எதை எடுத்தது என்று ஒரு வாரம் தேடினாள். அவளைத் தெரு முனையில் கண்டால் முன்பெல்லாம் அவன் முகத்தில் ஒரு மாற்றம் வரும், அது வரவில்லை என்று எட்டாம் நாள் கண்டுபிடித்தாள்.

அந்த ஆறாவது விழுகையில் நெற்றியும் கிழிந்து தையல் போட வேண்டியிருந்தது. பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தையல் போட்ட பிறகு, தலையில் பள்ளத்தைப் பார்த்த நர்ஸ் இன்னொரு டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். கண்ணாடி போட்ட, தூக்கமில்லாத முகத்தோடிருந்த சின்ன வயசு டாக்டரம்மா. பூங்கொடி எல்லாவற்றையும் சொன்னாள், ஹெல்மெட்டில் பொரி வைத்ததிலிருந்து எருமை நக்கினது வரைக்கும். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, படம் எடுக்க அனுப்பி, படம் வந்ததும் அதை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இதோ பாருங்கம்மா, அடிபட்ட இடத்துல மூளையில தழும்பு நிக்குது, வலிப்பு இந்தத் தழும்புலருந்துதான் கிளம்புது என்றார். இந்தப் பக்கம் முன்னால இருக்கிறதுதான் கோபத்தைக் கட்டிவைக்கிற இடம், அதுக்கும் அடிபட்டிருக்கு. கோபம், காரணமில்லாத அழுகை, மறதி, தூக்கம் போனது, எல்லாம் அந்த ஒரே அடி பெத்த பிள்ளைங்கதான். தலையில அடிபட்ட எல்லாருக்கும் வரும்னு இல்ல. வர்றவங்களுக்கு உடனேயும் வரும், மாசம் வருஷம் கழிச்சும் வரும். இவருக்கு வந்திருக்கு. ஒவ்வொரு பெரிய வலிப்பும் இன்னும் கொஞ்சத்தைச் சேதப்படுத்திட்டுப் போகலாம். கையில் இரும்பு கொடுக்கக் கூடாது, பிடித்து அமுக்கக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், காலையிலயும் ராத்திரியும் மாத்திரை, ஒரு வேளைகூட விடக் கூடாது, நானாக் குறைக்கிறவரைக்கும் நிறுத்தவே கூடாது என்றார்.

பூங்கொடி ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ அவரு என்னை அடிச்சது, என்னைப் பிடிக்காம இல்லைங்களா?"

"இல்லம்மா. அது அவர் குணமும் இல்ல, உங்க தப்பும் இல்ல. காயம்."

மூன்று வருஷமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்த ஒன்று அந்த ஒரு வார்த்தையில் கரைந்து, பூங்கொடி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். புருஷனுக்கு மூளையில் தழும்பு என்று கேட்டு நிம்மதிப்பட்ட பெண்பிள்ளை உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கிளம்புகிற நேரத்தில் தண்ணீர் விஷயத்தை மறுபடியும் கேட்டாள். டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே, தண்ணி வர்றது உங்க ஊர் சமாச்சாரம், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, வலிப்புக்கு இருக்கு என்றார்.

மாத்திரை வேலை செய்தது. உச்சி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், அவன் உட்கார்ந்தே தூங்கினான். மூன்று மாதம் விழவில்லை. போன சீட்டி வரவில்லை, போன வாசனை வரவில்லை, ஆனால் தட்டு பறப்பது நின்றது, நாலு மணி அழுகை நாள் விட்டு நாள் ஆயிற்று, சாயங்காலம் நர்மதாவுக்கு எண்ணெய் தடவிக் கோணலும் மாணலுமாக ஒரு சடை பின்னிவிட்டான். அந்தக் கோணல் சடையோடு அவள் பள்ளிக்கூடம் போனாள், யார் சிரித்தாலும் அவிழ்க்கவில்லை. ஊருக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. டாக்டருங்க மனுஷனைக் கெடுத்துப்போட்டாங்க என்று மாரப்பன் டீக்கடையில் உட்கார்ந்து புலம்பினார்.

இதுவரைக்கும் சொன்னதில் பூங்கொடி மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இனிமேல் சொல்லப்போவதை அவளே யாரிடமும் சொன்னதில்லை.

அவர்களுக்கும் ஒரு ஏக்கர் இருந்தது. ஆறு பேர் காட்டில் அவள் புருஷன் விழுந்து தண்ணீர் ஓடியபோது, சொந்தக் காட்டில் அவன் ஒரு தடவைகூட விழவில்லை. ராக்கம்மாள் கத்திரிக்காய் விற்று மகளுக்குத் தோடு வாங்கினாள், கந்தப்பன் மாடி கட்டினான், பூங்கொடி அவர்கள் காட்டில் களை வெட்டக் கூலிக்குப் போனாள். போகிற வழியெல்லாம் வாய்க்காலில் ஓடுகிறது, அவள் புருஷனின் சீட்டியும் சிரிப்பும். அந்தச் சித்திரையில் சோளம் கண் முன்னால் காய்ந்து சுருண்டபோது, ஒரே ஒரு தடவை என்று அவள் நினைத்தாள். ஊரெல்லாம் ஆறு தடவை எடுத்ததை, தாலி கட்டிக்கொண்டவள் ஒரே ஒரு தடவை எடுத்தால் என்ன? இரண்டு நாள் மாத்திரை கொடுக்கவில்லை. அவன்தான், மாத்திரை தரலையே பூங்கொடி என்று நினைவாகக் கேட்டான். தீந்துபோச்சு, வாங்கிட்டு வரணும் என்றாள். மாத்திரை அரிசிப் பானைக்குள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில், களை பிடுங்கலாம் வாங்க என்று சோளக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் விழுந்தான். முன்னெப்போதையும்விடப் பெரிய வலிப்பு. ஒன்று நின்று மூச்சு விடுமுன் அடுத்தது பிடித்துக்கொண்டது. பூங்கொடி அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவன் தலைக்கு அடியில் தன் முந்தானையைக் கொடுத்து, வேண்டாஞ்சாமி, தண்ணி வேண்டாம், எனக்கு எதுவும் வேண்டாம், நிறுத்து என்று மண்ணைப் பார்த்துக் கதறினாள். மண் கேட்கவில்லை. தோண்டக்கூட வேண்டியிருக்கவில்லை, அவன் தலை கிடந்த இடத்தில் முந்தானை நனைந்து, அவள் மடி நனைந்து, சோளத்தின் வேர் நனைந்து தண்ணீர் தானாக மேலே வந்தது. அந்த ஊரிலேயே இனிப்பான தண்ணீர் அதுதான்.

சாயங்காலம் அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த நர்மதா எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல அவன் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். நாச்சிமுத்து அந்தக் கூந்தலைப் பார்த்தான். பூங்கொடியைப் பார்த்தான். மரியாதைப்பட்ட மனுஷன் அல்லவா, பிள்ளை காதில் விழாமல் மெதுவாகக் கேட்டான்.

"யாரு பூங்கொடி இந்த அம்மிணி? நம்ம சொந்தம் ஒறம்பரைங்களா?"

நர்மதாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் திரும்பவில்லை. சீப்பைப் பின்பக்கமாக நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் பூங்கொடி ஒரு வேளை மாத்திரையைத் தவறவிடவில்லை. மற்றக் கிணறுகளுக்குப் பேர் வைத்த மாதிரி இந்தக் கிணற்றுக்குப் பேர் வைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் மழை அடியோடு பொய்த்தது. ஆறு போரிலும் தண்ணீர் இறங்கி, மோட்டார் காற்றை உறிஞ்சிக் கத்தியது. பூங்கொடி காட்டுத் தண்ணீர் மட்டும் ஒரு விரல்கூடக் குறையவில்லை. ஊர்ப் பொதுத் தொட்டிக்குத் தண்ணீர் இல்லை, டேங்கர் லாரி ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வந்தது, பள்ளிக்கூடத்துக் கக்கூசில் தண்ணீர் இல்லாமல் பெரிய பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னியப்பன் முன்னால் வர, கந்தப்பன், ரங்கப்பன், ராக்கம்மாள், மாரப்பன் என்று ஊரில் பாதி பூங்கொடி வாசலுக்கு வந்தது. மாரப்பன் கையில் சுண்ணாம்புப் பை இருந்தது.

சென்னியப்பன் நல்ல முறையில்தான் பேசினார். இது எனக்கோ உனக்கோ இல்லை, கோயில் முன்னால் பொறம்போக்கில் ஒரு துளை, ஊருக்கே குடிதண்ணி, ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தினால் போதும், அதற்கப்புறம் அவனை நாங்கள் உட்கார வைத்துச் சோறு போடுகிறோம் என்றார். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், உதடு வெடித்துப்போயிருந்தது. பூங்கொடி, முடியாதுங்க என்றாள்.  சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, தனக்கே சொல்லிக்கொள்பவர் மாதிரி சொன்னார்.

"உன்ற காட்டுக்குன்னா நிறுத்துவே. ஊருக்குன்னா மாட்டியா, அம்மிணி?"

ஊருக்கு எல்லாம் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அது அத்தனை நாள் மூடியிருந்ததே மரியாதைக்குத்தான்.  பூங்கொடி கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னது நிஜம். திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். நாச்சிமுத்து பாயில் உட்கார்ந்து, வாசலில் இத்தனை பேர் எதற்கு என்று தெரியாமல், வந்தவர்களுக்கு எல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று அவள் யோசித்தாள். பூங்கொடி என்கிற பேர் மிச்சமிருந்தது. மூச்சு மிச்சமிருந்தது.

அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு வந்து, அத்தனை பேருக்கும் முன்னால் வாசற்படியில் அவனை உட்கார வைத்து, வாயில் மாத்திரையைப் போட்டு, அவன் விழுங்குகிறவரை சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"நாஞ் செஞ்சது பாவம். அதுல ஊறுன தண்ணிதான் எங்க காட்டுல நிக்குது. அது இனி எனக்கு வேண்டாம், ஊரே எடுத்துக்கங்க, தொட்டிக்குக் குழாய் போட்டுக்கங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தத் தண்ணி என்ற மக பேரை எடுத்துக்கிட்டு வந்த தண்ணி. எடுக்க வர்றவங்க ஒவ்வொருத்தரும் அவருகிட்ட அந்தப் பேரைச் சொல்லிப்போட்டுத்தான் கொடத்தை வைக்கோணும்."

 சென்னியப்பன் மாரப்பன் கையிலிருந்த சுண்ணாம்புப் பையை வாங்கி, வாசலில் கோலம் போட வைத்துக்கோ என்று பூங்கொடியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

அதற்கும் ஒரு முறை வந்துவிட்டது. சோளக்காட்டில் குழாயடியில் ஒரு கயிற்றுக்கட்டில், அதில் நாச்சிமுத்து, பக்கத்தில் வரிசையாகக் குடங்கள். ராக்கம்மாள் வருவாள், நர்மதா என்பாள், குடத்தை வைப்பாள். கந்தப்பன் வருவான், நர்மதா என்பான். கைப்பிள்ளைக்காரி பிள்ளையைக் கொண்டே சொல்ல வைப்பாள், பேச்சு வராத அந்தப் பிள்ளைக்கு முதலில் வந்த வார்த்தையே நம்மதா என்றுதான் வந்தது. சென்னியப்பன் ஆள் அனுப்ப மாட்டார், தானே குடம் தூக்கிக்கொண்டு வந்து சொல்லிவிட்டு நிற்பார். டேங்கர் வராமல் தவித்துப்போன பக்கத்து ஊர்க்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள், அவர்களும் சொன்னார்கள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை, முந்நூறு தடவை. நாச்சிமுத்து ஒவ்வொருத்தருக்கும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டுவான். ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவான், விடிந்தால் பேர் இருக்காது, குழாயடிக்குப் போவான், மறுபடியும் சொல்லுவார்கள். டாக்டரம்மா இதைக் கேட்டு, நல்லதுதான், போனது திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன், சொல்றதை நிறுத்தாதீங்க என்றாராம். அவன் மூன்று வருஷமாக விழவில்லை.

நர்மதாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூட்டமெல்லாம் போன பிறகு கடைசி ஆளாகத்தான் குடம் கொண்டு வருவாள். அப்பன் முன்னால் நிற்பாள், எல்லாரையும் போலத் தன் பேரைச் சொல்லுவாள், குடத்தை வைப்பாள். போன வாரம் அப்படிச் சொல்லிவிட்டுக் குனிந்தபோது நாச்சிமுத்து அவளைக் கூப்பிட்டான். பூங்கொடி பக்கத்துப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்தாள்.

"அம்மிணி, இந்தப் பேரை இன்னிக்கு நெறையப் பேரு சொன்னாங்க" என்றான். "வடக்க ஒரு ஆறு இருக்குது, அதும் பேரு இது. நான் பாத்திருக்கேன். அவ்வளவு தண்ணி. யாரு பெத்த புள்ளையோ, ஊரே பேரு சொல்லுது பாரு. கொடுத்து வச்ச புள்ளை."

"நீங்க பெத்த புள்ளைதானுங்கப்பா" என்றாள் நர்மதா.

அவன் அவளை உற்றுப் பார்த்தான். அப்படிங்களா என்று கேட்டான். ஆமாங்க என்று சொல்லிவிட்டு அவள் நிறைந்த குடத்தைத் தள்ளி வைத்து, குழாயை அடைத்து, கட்டிலில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த சீப்பை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினாள்.